பிளாஸ்டிக்குக்குள் போன மூன்று ஒரிஜினல்கள்

ரப்பர் முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு முறை ஒற்றி எடுத்து, லலிதா மேடம் அந்தத் தாளின் பின்பக்கத்தில் அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். ஊதா மை சின்னச் சின்னத் திவலைகளாகத் திரண்டு நின்றது. தாளைச் சற்றே சாய்த்தார். திவலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, விளிம்புவரை ஓடி, மேஜைக் கண்ணாடியின் மேல் சொட்டின.

"இதுல எங்கம்மா நான் சீல் வைக்கிறது?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். முப்பது வருட வேலையில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை என்பது அந்தக் குரலில் இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்து மேஜைக்காரரும் எழுந்து வந்தார்.

நான் என் புடவைத் தலைப்பால் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தேன். அது ஒன்றுதான் அப்போது செய்யத் தோன்றியது.

ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வங்கிக்குள் நனைந்த குடைகளின் வாடையும் கோந்து வாடையும் கலந்து கிடந்தன. வீட்டில் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. நெஞ்சு கட்டி வலித்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று எதிர்வீட்டு ரோஸி அக்காவிடம் அவளை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் எதையும் மூன்று முறை சரிபார்ப்பவர் என்கிறீர்கள், பிறகு எப்படித் தவறு வருகிறது?" என்று கேட்டிருந்தார். இந்த வாரம் எழுதப்போவது அவருக்கான பதில். என் தவறுகளில் பாதி, அதிகமாகச் சரிபார்த்ததால் வந்தவை.

வெங்காயமும் அதன் தாளும்

நான் அப்போது வேலை பார்த்தது திண்டுக்கல்லில் சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய கம்பெனியில். கம்பெனி என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஒரு குடோன், அதன் மூலையில் தட்டி வைத்து மறைத்த ஆபீஸ், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபாக்ஸ் மெஷின். கூரை தகரம். எங்கே ஒழுகுமோ அங்கே வாளி இருக்கும்.

முதலாளி பால்ராஜ் அண்ணன். வெங்காயப் பேட்டையில் கமிஷன் கடை வைத்திருந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டு எடுத்து, மூடிய கையைத் திறக்காமலே, "இது பத்து நாள் தாங்கும்", "இது தாங்காது" என்பார். தப்பாது.

வாங்குபவர் பினாங்கில் இருந்தார். எல்லோரும் அவரைப் பினாங்கு ராவுத்தர் என்போம். அண்ணனும் அவரும் நேரில் பார்த்ததே இல்லை. மூன்று வருடமாகத் தொலைபேசியில்தான் பழக்கம். பேசும்போது பாதி நேரம் வெங்காயம், பாதி நேரம் இங்கே மழை உண்டா என்ற விசாரணை.

ஆங்கிலக் கடிதங்களும் ஏற்றுமதிக் காகிதங்களும் என் வேலை. காந்திகிராமத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து படித்த பி.காம். படிப்புக்குக் கிடைத்த மரியாதை அது.

அந்தக் காகிதங்களில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெங்காயம் ஏற்றிய கன்டெய்னர் பெட்டி தூத்துக்குடியில் கப்பலேறியதும், கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் ஒரு தாள் தருவார். பில் ஆஃப் லேடிங் என்று பெயர். நாங்கள் பி.எல். என்போம். அதை ரசீது என்று சொன்னால் பாதிதான் சரி. அந்தத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பெட்டி.

தாளின் பின்பக்கத்தில் அண்ணன் கையெழுத்துப் போடுவார். எங்கள் வங்கி முத்திரை வைத்து பினாங்கு வங்கிக்கு அனுப்பும். ராவுத்தர் அங்கே பணம் கட்டித் தாளை வாங்கிக்கொள்வார். தாளைத் துறைமுகத்தில் நீட்டி வெங்காயத்தை எடுப்பார். பணம் கட்டாவிட்டால் தாள் வராது. தாள் வராவிட்டால் வெங்காயம் வராது. எல்லாப் பிடியும் அந்தத் தாளில்தான்.

இதையெல்லாம் இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அப்போது எனக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். நான் டைப் அடித்து உறையில் போடுவேன். வங்கிக்குப் போவது முருகேசன் சார். அவர் அந்த மாதம்தான் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. நான்தான்.

சனிக்கிழமை செய்த காரியம்

பி.எல். தாள்கள் தூத்துக்குடியிலிருந்து கூரியரில் வந்து சேர்ந்தது சனிக்கிழமை மாலை. வங்கி மூடிவிட்டது. அண்ணன் சித்தையன்கோட்டைப் பக்கம் வெங்காயக் காடு பார்க்கப் போயிருந்தார். வெளியே மழை. தகரக் கூரை ஒழுகும் சத்தம் மூன்று வாளிகளில் மூன்று விதமாகக் கேட்டது.

இந்த இடத்தில் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று யோசித்தேன். வீட்டுக்கு எடுத்துப் போனேன். வீட்டுக்குப் போனதும் இங்கே எப்படி வைப்பது என்று யோசித்தேன். பாப்பாவுக்கு அப்போது ஒன்றே கால் வயது. தாளைக் கண்டால் வாய்க்குத்தான் போகும். அதற்கு முந்தின வாரம் ரேஷன் கார்டின் ஒரு முனையை மென்று வைத்திருந்தாள்.

இந்தப் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. என் அப்பாவின் இரண்டு ஏக்கர் கிரயப் பத்திரத்தை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றது. தகரப் பெட்டியைத் திறந்தபோது பத்திரத்தின் வடிவம் இருந்தது, தொட்டதும் மண்ணாக உதிர்ந்தது. நகல் வாங்க அப்பா எட்டு மாதம் அலைந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தாளும் வெறும் தாளாக இருந்ததில்லை. மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், அப்பாவின் ஓட்டுநர் உரிமம், ஞானஸ்நானச் சான்று எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போயின. அக்காவின் கல்யாணப் பத்திரிகையைக்கூட லேமினேஷன் செய்தார் அப்பா.

எங்கள் வீடு மட்டுமல்ல. அந்த வருடங்களில் ஊரே அப்படித்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை டீக்கடையோ அத்தனை லேமினேஷன் கடை. ஒரு தாளை மதிக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அன்று எப்படியும் பாப்பாவின் தடுப்பூசி அட்டையை லேமினேஷன் செய்யக் கொடுக்கவேண்டியிருந்தது. அதோடு இதையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். (அந்த அட்டையும் வீணாயிற்று. அடுத்த ஊசியின் தேதியை எழுத இடமில்லை என்று நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையைத் தனியாக எழுதலாம்.)

கடைக்காரர் சாகுல் பாய் தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"மூணும் ஒண்ணுபோல இருக்கேம்மா. ஒண்ணு போட்டாப் போதாதா?"

"மூணும் ஒரிஜினல் பாய்."

"மூணு ஒரிஜினலா? எந்த ஊர்ல?"

"கப்பல்ல அப்பிடித்தான். ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கணும்னு மூணு குடுப்பாங்க."

"தொலையும்னு அவுங்களே நெனச்சுத்தான் குடுக்காக. நீங்க அதுக்கும் மேல பிளாஸ்டிக் போடுறிய." சிரித்துக்கொண்டே மெஷினைச் சூடாக்கினார். "நல்லதுதான். நம்ம பொருளு பத்திரமா இருக்கணும்ல."

மூன்று தாள்களும் ஒவ்வொன்றாக உருளைகளுக்குள் போய், மறுபக்கம் பளபளவென்று வெதுவெதுப்பாக வந்தன. தட்டிப் பார்த்தேன். டப் டப் என்றது. அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அதுக்குன்னு தனிப் பேனா

திங்கட்கிழமை காலை அண்ணனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. முருகேசன் எம்புட்டு வருசமா இருந்தான், ஒரு நாளு இப்பிடிச் செஞ்சதில்ல. ஒரு தடவ டீயக் கொட்டிக் கொண்டாந்தான்" என்றார்.

பின்பக்கம் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். பேனா வழுக்கியது. இன்னொரு பேனா எடுத்தார். அதுவும் வழுக்கியது. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அண்ணனுக்கும் உறைக்கவில்லை.

"பேங்க்ல கேளு. அதுக்குன்னு தனிப் பேனா வச்சிருப்பாக. நான் செத்த நேரத்துல அங்கன வந்து போட்டுட்டுப் போறேன்."

அவர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதும் நானும் நம்பிவிட்டேன். நிச்சயமாகப் பேசுகிறவர்களை நம்பிவிடுவது என் பழக்கம். நான் எதையும் நிச்சயமாகச் சொல்லத் தெரியாதவள்.

பிறகுதான் லலிதா மேடத்தின் மேஜையில் மை ஓடியது.

"பின்னாடி கையெழுத்தும் சீலும் இல்லாம இது கை மாறாதும்மா. கை மாறலைன்னா பினாங்குல அவங்க சரக்கு எடுக்க முடியாது" என்றார் அவர். "இது மேல ஒட்டுக் காகிதம் ஒட்டியும் அனுப்ப முடியாது. அங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் வழியாக வரும் ஆவணங்களும் இனி செல்லும் என்று புதிதாகச் சட்டம் வந்திருப்பதைச் செய்தித்தாளில் படித்திருந்தேன். நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவருக்கு அதை வாசித்துக்கூடக் காட்டினேன். தூங்கிக்கொண்டே "ம்" என்றார்.

"மேடம், இதே பி.எல். ஏஜென்ட் ஆபீஸ்ல எனக்கு முதல்ல மெயில்லதான் அனுப்பினாங்க. அதுல அப்படியே இருக்கு. அதை பிரிண்ட் எடுத்து சீல் வச்சு அனுப்ப முடியாதா? இப்ப சட்டமே வந்துருச்சே."

லலிதா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சட்டம் வந்திருக்கலாம்மா. எனக்கு சர்க்குலர் வரலையே."

தேய்ப்புப் பெட்டி

மறுபடி சாகுல் பாயிடம் ஓடினேன். பிளாஸ்டிக்கை உரிக்க முடியுமா என்று கேட்டேன். இதுவரை யாரும் உரிக்கச் சொல்லி வந்ததில்லை என்றார். தேய்ப்புப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, துணி விரித்து, ஒரு தாளின் மேல் ஓட்டினார். ஒரு முனை நெகிழ்ந்தது. நகத்தால் பிடித்து மெல்ல இழுத்தார்.

பிளாஸ்டிக் வந்தது. அதோடு எழுத்தும் வந்தது. கீழே ஏஜென்ட் போட்ட கையெழுத்தில் மேல்பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. கீழ்ப்பாதி தாளில் நின்றது.

"போதும் பாய்" என்றேன்.

"நான் சனிக்கிழமையே கேட்டேன்மா, ஒண்ணு போதாதான்னு" என்றார். பாவம், அவருக்கும் முகம் வாடிவிட்டது. காசு வாங்க மறுத்தார்.

குடோனுக்குத் திரும்பி அண்ணனிடம் சொன்னேன். அவர் வங்கிக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தார். சீப்பைக் கீழே வைத்தார்.

"பேசாம ஃபிரேம் போட்டு ஆணியில மாட்டிருக்கலாம்ல. சாமி படத்துக்குப் பக்கத்துல."

நான் தோலுரிந்த தாளை உறைக்குள் திரும்ப வைத்தேன்.

"கப்பலு எப்ப எறங்குது?"

"வியாழக்கிழமைண்ணே."

"எறங்கி ரெண்டு நாளு. மிஞ்சிப் போனா மூணு. அதுக்கு மேல பெட்டிக்குள்ள கெடந்துச்சுன்னா முளை விட்டுரும். அப்புறம் அழுகல்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சித்தையன்கோட்டக்காரங்க மூணு பேரு வெங்காயம் அதுல கெடக்கு. என்னய நம்பிக் குடுத்தாக. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?"

கேட்டிருந்தால் நல்ல யோசனை என்றுதான் சொல்லியிருப்பார். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் மேலே ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு முடித்திருப்பேன்.

"நாளைக்கு தூத்துக்குடிக்குப் போ. அந்த ஏஜென்ட்டு கால்ல விழுவியோ கையப் பிடிப்பியோ" என்றார்.

கத்தரிக்கோல்

செவ்வாய்க்கிழமை விடியலில் பாப்பாவோடு பஸ் ஏறினேன். ரோஸி அக்காவுக்கு அன்று பள்ளிக்கூட வேலை. பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. எடுத்துப் போவது தப்பா, விட்டுப் போவது தப்பா என்று மதுரை வரும்வரை யோசித்தேன். மதுரைக்கு அப்புறம் யோசித்துப் பயனில்லை.

ஏஜென்ட் ஆபீஸில் மிக்கேல் சார் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். தொலைபேசியில் பல முறை பேசியிருக்கிறேன். அன்றுதான் முகம் பார்த்தேன். மேஜையில் நான் மூன்றையும் பரப்பினேன். இரண்டு பளபளப்பு. ஒன்று தோலுரிந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கிய?" என்றார். பிறகு பாப்பாவைப் பார்த்தார். "முதல்ல உக்காருங்க. பிள்ளைக்கு வெந்நீ தரச் சொல்லுதேன்."

புதிதாக வேறு மூன்று அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"தரலாம். பம்பாய் ஆபீஸ் ஒத்துக்கணும். உங்க பேங்க் ஜாமீன் எழுதித் தரணும். இருபது நாளாவது ஆவும். வெங்காயம் இருக்குமா?"

"இருக்காது சார்."

"அப்பம் இன்னொரு வழிதான் இருக்கு. இந்த மூணையும் எங்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. ஒரிஜினல் எல்லாம் இங்க வந்துட்டு, சரக்க அவருக்குக் குடுத்துருங்கன்னு நான் எங்க பினாங்கு ஆபீசுக்கு ஒரு மெயில் போடுதேன். டெலக்ஸ் ரிலீஸ்னு சொல்லுவோம். டெலக்ஸ் மெஷின் போயி வருசமாச்சு. பேரு மட்டும் போவல."

இவ்வளவு சுலபமா என்று எனக்குத் தோன்றியது. சுலபமாகத் தோன்றியதுமே சந்தேகமும் வந்தது.

"பணம் சார்? அவர் பேங்க்ல கட்டினாத்தானே தாள் போகும்?"

"தாளே இல்லயேம்மா இப்பம். மெயில் போனதும் பெட்டி அவருக்குத்தான். அவரு நாளைக்குக் கட்டலாம், அடுத்த மாசம் கட்டலாம், கட்டாமயும் இருக்கலாம்."

"அந்த மெயில்? அதுக்குச் சட்டத்துல மதிப்பு இல்லையா? இப்பப் புதுசா வந்திருக்கே."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது அவர் முகம்.

"நானும் படிச்சேன். கோர்ட்டுல ஒரு மெயிலக் காட்டி, இப்பிடி ஒரு பேச்சு நடந்துச்சுன்னு சொல்லுததுக்கு அது ஆவும். ஆனா இந்தத் தாளு அப்பிடியில்ல. இது பேச்சு இல்ல, இது பெட்டி. இத உங்க கையில வச்சிருந்தா வெங்காயத்தையே வச்சிருக்க மாதிரி. நீங்க எனக்கு ஒரு மெயில் அனுப்புனா என்ன ஆவும்? எங்கிட்டயும் இருக்கும், உங்ககிட்டயும் இருக்கும். பத்துப் பேருக்கு அனுப்பலாம். பெட்டி ஒண்ணுதான? எவன் கையில இருக்குன்னு அந்தச் சட்டம் எப்பிடிச் சொல்லும்?"

"அப்ப நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க எதைக் காட்டுறது?"

"காட்டுததுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "அத மறைக்காம உங்க முதலாளிகிட்டச் சொல்லிட்டுச் செய்ங்க."

அவர் மேஜைத் தொலைபேசியிலிருந்தே பேட்டையில் இருந்த அண்ணனிடம் பேசினேன். பின்னால் லாரி உறுமியது. யாரோ எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பணத்துக்கு ஒரு பிடியும் இருக்காது என்பதை இரண்டு முறை சொன்னேன். அவருக்கு விளங்கவில்லையோ என்று மூன்றாவது முறை ஆரம்பித்தேன்.

"வெளங்குச்சுத்தா" என்றார். "இந்தக் கடுதாசி நம்ம கையில இருந்தா வெங்காயம் அழுகாதா?"

"அழுகும்ணே."

"பெறகு அத வச்சு என்ன செய்ய? அனுப்பச் சொல்லு."

"அண்ணே, ராவுத்தர் கட்டலைன்னா…"

"கட்டலைன்னா அவரு பேரு கெடும். அழுகவிட்டா என் பேரு கெடும். என் பேர நான் பாக்கேன். போன வையி, லோடு நிக்கிது."

போனை வைத்தேன். என்னைவிட அதிகம் இழக்கப்போகிறவர் அரை நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார். நான் இன்னும் ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

மிக்கேல் சார் தோலுரிந்த தாளையும், அதிலிருந்து உரிந்த பிளாஸ்டிக்கையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்து அவருடைய கையெழுத்து முழுசாகத் தெரிந்தது.

"எங் கையெழுத்துதான். சரி, மூணும் வந்துட்டுன்னு வச்சிக்கிடுவோம்."

பின்பக்கம் இட வேண்டிய கையெழுத்துக்குப் பதிலாகக் கம்பெனித் தாளில் ஒரு கடிதம் கேட்டார். நல்லவேளை, அண்ணன் கையெழுத்திட்ட வெற்றுத் தாள் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அடுத்து, திருப்பி வாங்கியதற்கு அடையாளமாகத் தாள்களில் முத்திரை வைக்க வேண்டும். முத்திரையை எடுத்தார். பிளாஸ்டிக்கைப் பார்த்தார். முத்திரையைத் திரும்ப வைத்துவிட்டு இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

மூன்றையும் குறுக்கே வெட்டினார். பிளாஸ்டிக் மொறுக் மொறுக்கென்று வெட்டுப்பட்டது. பாப்பா அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள். நாள் முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு கம்ப்யூட்டரில் நாலு வரி அடித்தார். ஒரு விசையைத் தட்டினார். அனுப்பியாயிற்று என்று திரையில் ஒரு வரி வந்தது. கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. ஒரு லாரி வெங்காயம், மூன்று பேருடைய காடு.

"இதுக்கு ஏதாவது தருவீங்களா சார்?"

என் முகத்தைப் பார்த்தார். அந்த நாலு வரியை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

"வச்சிக்கிடுங்க. எதுக்கும் செல்லாது. உங்க மனசுக்கு."

சொன்னாரா?

திரும்பும் பஸ்ஸில் பாப்பா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். காய்ச்சல் ஏறியிருந்தது. ஜன்னலோரத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் படித்தேன். ஒரு அம்மாவாக அன்று என்ன செய்திருக்க வேண்டும், வேலை பார்க்கிறவளாக என்ன செய்திருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நான்தான் தோற்றேன்.

வியாழக்கிழமை கப்பல் பினாங்கை அடைந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஒரு செய்தியும் இல்லை. ஃபாக்ஸ் மெஷினில் தாள் இருக்கிறதா என்று பல முறை பார்த்தேன். ரிசீவரை எடுத்து இரைச்சல் வருகிறதா என்று பார்த்தேன். அப்படி எடுத்து வைத்திருக்கும் நேரத்தில் ராவுத்தர் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று உடனே வைத்தேன்.

அண்ணனிடம் ஒரு கேள்வியும் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போகச் சொல்வதற்கு ராவுத்தரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். என் கணவரிடம் சொன்னேன். "அவர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்றார். நான்தான் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மணி அடித்தது. அண்ணன் குடோன் வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"யாரு, பால்ராஜா?"

"இல்லைங்க, நான் டாக்குமென்ட் பாக்கிறவ."

"அந்தப் பிளாஸ்டிக் போட்ட பொண்ணா?" ராவுத்தர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. "பால்ராஜு போன்ல சொல்லிச் சிரிச்சாரு. சரக்கு நேத்து எடுத்தாச்சும்மா. கதவுப் பக்கம் கொஞ்ச மூட்டையில முளை எட்டிப் பாக்குது. மத்ததெல்லாம் நல்லாருக்கு. பேங்க்ல கட்டிட்டேன்னு அவருகிட்டச் சொல்லிரு."

அண்ணன் சிரித்தாரா? எப்போது பேசினார்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஐயா, கட்டின சிலிப்பை ஃபாக்ஸ் அனுப்ப முடியுங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு, "அனுப்புறேன்மா" என்றார்.

சிலிப் வந்தது. பாதி கறுப்பாக, பாதி வெளுப்பாக. வாசலுக்கு ஓடி அண்ணனிடம் சொன்னேன்.

"கட்டிட்டேன்னு சொன்னாரா?"

"சொன்னாருண்ணே. ஃபாக்ஸும் வந்திருக்கு."

"அப்பச் சரி" என்று அடுத்த மூட்டைக்குத் திரும்பினார்.

எனக்குச் சரியாகவில்லை. அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை லலிதா மேடத்திடம் போனேன். ஃபாக்ஸை வைத்து எதையும் சொல்ல முடியாது, எங்களுக்கு முறையாகத் தகவல் வரட்டும் என்றார். செவ்வாய்க்கிழமை போனேன். வரவில்லை. நேர்மையான ஒரு மனிதரைச் சந்தேகப்படுகிறோமே என்று ஒரு பக்கம். சந்தேகப்படாமல் இருக்க என்னிடம் ஒரு தாளும் இல்லையே என்று ஒரு பக்கம்.

புதன்கிழமை வங்கியிலிருந்து தாள் வந்தது. முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தன. பணம் முழுசாக வந்திருந்தது. முளைவிட்ட மூட்டைகளுக்குக்கூடக் கழிக்கவில்லை. குடோனுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அண்ணன் சாக்குக் குவியலின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"வாசிச்சுக் காட்டவாண்ணே?"

"எதுக்கு? அதான் அன்னைக்கே சொல்லிட்டாருல்ல."

டீயைக் குடித்து முடித்து எழுந்து லாரிப் பக்கம் போனார். நான் அங்கேயே நின்று, அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தேன்.